பக்கத்து வீட்டம்மாவின் வின்செஸ்டர் ரைஃபிளுக்கு என்ன விலை சொல்வது?

பாறைக்காடு — செப்டம்பர் 6, இரவு 9.12

வணக்கம். நான் இருப்பது பென்சில்வேனியாவின் நடுப்பகுதி. மான் வேட்டைக்குப் போக ஆரம்பித்து மூன்று பருவம்தான் ஆகிறது; கையில் இருப்பது கடையில் புதிதாக வாங்கிய ஒரு சாதாரண சாவேஜ் ரைஃபிள். பழைய துப்பாக்கிக்கு விலை சொல்லும் அறிவு எனக்கு இல்லை. ஆனால் சொல்லவேண்டிய இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டம்மாவுக்கு 78 வயது. கணவர் பிப்ரவரியில் காலமானார். அவருடைய வின்செஸ்டர் மாடல் 70, .30-06 (தோட்டாவின் அளவு), அலமாரியில் இருக்கிறது. மேலே வீவர் கே4 ஸ்கோப், தோல்வார், இரண்டு பெட்டி தோட்டா. பருவம் தொடங்கும் முன் விற்றுவிட வேண்டும் என்கிறார். அவருடைய அண்ணன் மகன் (மருமகன் முறை) 300 டாலர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஊரிலுள்ள கடையில் 500 என்றார்கள். இணையத்தில் பார்த்தால் அதே மாடலுக்கு ஒருவர் 2,400 கேட்கிறார்!

"நானும் ஏமாறக் கூடாது, வாங்குகிறவரும் ஏமாறக் கூடாது, நீயே பார்த்துச் சொல்" என்று அந்த அம்மா என் தலையில் வைத்துவிட்டார். ஒன்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு ஆப்பிள் பை கொடுத்தனுப்புகிறவர். என்ன சொல்வது?

பழைய இரும்பு — செப்டம்பர் 6, இரவு 10.03

நீங்கள் எழுதிய மூன்றில் எதுவும் விலை இல்லை. 300 என்பது அந்த மருமகனுடைய ஆசை. 500 என்பது கடைக்காரர் தன் பாட்டைக் கழித்துக்கொண்டு சொன்னது. 2,400 என்பது இன்னும் விற்காத ஒரு பொருளின் மேல் ஒட்டிய சீட்டு. கேட்ட விலையைப் பார்க்காதீர்கள், படிந்த விலையைப் பாருங்கள்.

அதற்கு முன், பொருள் என்ன என்று தெரியவேண்டும். மாடல் 70 என்றால் 1936 முதல் செய்துவருகிறார்கள். எந்த ஆண்டு என்பதைப் பொறுத்து விலை இரண்டு மடங்கு மாறும். போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) திறந்து, தோட்டா அறையும் மேகசினும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, வரிசை எண்ணைப் படியுங்கள். கடைசி மூன்று இலக்கத்தை இங்கே எழுதவேண்டாம். கட்டையின் (தோளில் வைக்கும் மரப்பகுதி) அடிப்பாகம், ரிசீவரின் (போல்ட் ஓடும் எஃகுக் கூடு) இரு பக்கம், பிடியில் உள்ள வைரக்கட்டக் கீறல்கள் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து எழுதுங்கள். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் விலை பேசுவதில்லை.

மிச்சிகன் முத்து — செப்டம்பர் 6, இரவு 10.20

அண்ணா, அது 1964-க்கு முந்தியது என்றால் அடித்தது யோகம்! 1,500-க்குக் கீழே இறங்கவே இறங்காதீர்கள். அந்தக் காலத்து மாடல் 70-ஐ இன்றைக்குச் செய்ய ஆளே கிடையாது. 300 டாலராம், அடிமாட்டு விலை. அந்த மருமகனை வாசலோடு அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய இரும்பு — செப்டம்பர் 6, இரவு 10.41

முத்து, பார்க்காத துப்பாக்கிக்கு 1,500 சொல்லும் உங்கள் தைரியத்தைப் பாராட்டுகிறேன். புதியவருக்காக அந்த 1964 கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விலையின் பாதி அதில்தான் இருக்கிறது.

தொடக்கத்திலிருந்து 1963 வரை வந்த மாடல் 70-இல், போல்ட்டின் பக்கவாட்டில் ஒரு நீண்ட எஃகுக் கொக்கி இருக்கும். ஜெர்மனியின் மவுசர் துப்பாக்கியிலிருந்து வந்த அமைப்பு. தோட்டா மேகசினை விட்டு மேலே வரும்போதே அதன் அடிவிளிம்பைக் கவ்விக்கொள்ளும். கட்டையிலுள்ள கீறல்கள் வெட்டுக்கருவியால் வெட்டியவை. இதற்கெல்லாம் ஆள்கூலி அதிகம். 1964-இல் செலவைக் குறைக்கிறேன் என்று நிறுவனம் கொக்கியை எடுத்துவிட்டது. கீறல்களை வெட்டாமல் அச்சால் அழுத்தியது. குழலுக்கும் கட்டைக்கும் நடுவே சந்து விட்டது. வேட்டைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அன்றிலிருந்து "அறுபத்துநான்குக்கு முந்தியது" என்பது ஒரு சாதிப்பெயர் போல ஆகிவிட்டது. வரிசை எண் ஏழு இலட்சத்தில் தொடங்கினால் பிந்தியது. 5,81,000-ஐச் சுற்றி முடிந்துபோனவை முந்தியவை.

ஆனால் இதையும் கேளுங்கள். அந்தக் கொக்கியை 1990-களில் நிறுவனமே திரும்பக் கொண்டுவந்தது. 2006-இல் நியூ ஹேவன் ஆலை மூடப்பட்டது. 2008-இல் தென் கரோலினாவில் மறுபடி தொடங்கிய மாடல் 70-இலும் அந்தக் கொக்கி இருக்கிறது. ஆகவே கொக்கிக்காக மட்டும் எவரும் பழையதைத் தேடிப் பணம் கொட்டவேண்டியதில்லை. பழையதற்குக் கூடுதலாகக் கொடுப்பவர் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்பதற்காகக் கொடுக்கிறார். அந்தக் காலத்தில் மிக அதிகமாக விற்றவை .30-06-உம் .270-உம். இவை அரியவை அல்ல. .257 ராபர்ட்ஸ், .300 சாவேஜ் என்றால் பேச்சு வேறு.

வைகறை — செப்டம்பர் 7, காலை 6.30

விலைக்கு முன் ஒரு கேள்வி. துப்பாக்கி இப்போது யாருடையது? உயில் இருந்ததா, சொத்தை நிர்வகிப்பவர் அந்த அம்மாவேதானா என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விற்பவர் அவராக இருக்கட்டும். நீங்கள் உங்கள் பெயரில் விளம்பரம் போட்டு, உங்கள் வீட்டில் வைத்து விற்க வேண்டாம்.

பென்சில்வேனியாவில், ஒரே மாநிலத்தில் குடியிருக்கும் இரண்டு தனிநபர்கள் நீளத் துப்பாக்கியைக் கைமாற்ற உரிமம் பெற்ற கடை வழியாகப் போகவேண்டிய கட்டாயம் இல்லை. கைத்துப்பாக்கி என்றால் கடை அல்லது கவுன்ட்டி ஷெரிஃப் அலுவலகம் வழியாகத்தான் பொதுவாகப் போகவேண்டும். வாங்குகிறவர் ஒஹையோக்காரர், நியூயார்க்காரர் என்றால் 1968-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி உரிமம் உள்ள வணிகர் வழியாகத்தான் போகவேண்டும். கட்டாயம் இல்லாவிட்டாலும் கடையில் வைத்தே கைமாற்றுவதுதான் என் பழக்கம். முப்பது நாற்பது டாலர் கட்டணத்தில் எனக்குத் தூக்கம் வருகிறது.

இன்னொன்று, இங்கே நம்மவர்கள் பலர் படிப்பதால் சொல்கிறேன். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. பசுமை அட்டைக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. உங்கள் நிலை எதுவென்று தெரியாமல் அடுத்த வீட்டுத் துப்பாக்கியைக் காரில் வைத்துக் கடை கடையாகச் சுற்றாதீர்கள்.

பாறைக்காடு — செப்டம்பர் 7, மாலை 5.48

பசுமை அட்டை இருக்கிறது, நன்றி. உயிலில் எல்லாம் அம்மா பெயருக்கே. கடைக்கும் அவரேதான் எடுத்துப் போனார், நான் கார் ஓட்டினேன்.

காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டேன். வரிசை எண் 410XXX. கருநீல மெருகு பெரும்பாலும் இருக்கிறது. போல்ட்டின் கைப்பிடிக் குமிழிலும், காட்டில் நடக்கும்போது கை பிடிக்கும் மேகசின் மூடித் தகட்டிலும் வெளுத்துவிட்டது. கட்டையில் சில சிராய்ப்புகள், விரிசல் இல்லை. கவலை தருபவை இரண்டு. ரிசீவரின் இடது பக்கத்தில் திருகு அடைத்த இரண்டு துளைகள் இருக்கின்றன, யாரோ துளையிட்டிருக்கிறார்கள். கட்டையின் அடியில், தோளில் இடிக்காமல் இருக்கும் சிவப்பு ரப்பர் ஒன்று ஒட்டியிருக்கிறது. ரப்பர் இருப்பது நல்லதுதானே?

பழைய இரும்பு — செப்டம்பர் 7, மாலை 7.15

நீங்கள் கவலைப்பட்டது நல்ல செய்தி, நல்லது என்று நினைத்தது கெட்ட செய்தி.

410 என்று தொடங்கினால் 1957 வாக்கில் செய்தது. முத்து சந்தோஷப்படலாம், முந்தியதுதான். இடது பக்கத் துளைகள் தொழிற்சாலையிலேயே போட்டவை. ஸ்கோப் எல்லோரிடமும் இல்லாத காலம். லைமன் போன்ற நிறுவனங்களின் துளைக்குறியை (சிறு துளை வழியே குறிபார்க்கும் கருவி) அங்கே பொருத்துவார்கள். அந்தத் துளைகளுக்காக ஒரு காசும் குறைக்கவேண்டாம். மூன்றாவது துளை இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

ரப்பர்தான் சிக்கல். அந்தக் காலத்தில் .30-06 எளிய மாடலுக்குக் கட்டையின் முனையில் எஃகுத் தகடுதான் வரும். .375 போன்ற, மேக்னம் எனும் வலுவான தோட்டாக்களுக்குத்தான் தொழிற்சாலையே ரப்பர் வைத்தது. உங்களுடையதில் ரப்பர் இருக்கிறது என்றால் பிற்காலத்தில் யாரோ கட்டையை அறுத்திருக்கிறார்கள். அறுத்த மரம் திரும்ப வளராது. விசையிலிருந்து ரப்பரின் நடுவரை அளந்து பாருங்கள். தொழிற்சாலை அளவு ஏறத்தாழ 13½ அங்குலம். ரப்பரோடு சேர்த்து அதே அளவு என்றால் ரப்பர் தடிமனுக்கு மட்டும் அறுத்தார்கள். குறைந்தால், குட்டையாக்கவென்றே அறுத்தார்கள்.

இன்னும் சிலவற்றைப் பார்க்கவேண்டும். யாராவது மறுமெருகு போட்டார்களா? குழலில் பொறித்த எழுத்துகளை விரல்நகத்தால் தடவுங்கள். ஓரங்கள் கூர்மையாக இருந்தால் மெருகு பழையது. எழுத்து வழுவழுவென்று கரைந்தாற்போல் இருந்தாலோ, திருகுத் துளைகளின் வாய் கிண்ணம் போல் குழிந்திருந்தாலோ, தேய்த்து மறுபடி மெருகுக் கரைசலில் முக்கியிருக்கிறார்கள். மரமும் அப்படியே. தொழிற்சாலையில் மரம் உலோகத்தைவிட மயிரிழை உயர்ந்தே நிற்கும். தாழ்ந்திருந்தால் உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள். புத்தம்புதிதாக மினுக்கும் 1957 துப்பாக்கியைவிட, நாணயமாகத் தேய்ந்துபோன 1957 துப்பாக்கிக்குத்தான் மதிப்பு. இதை விற்கிறவர்களுக்குப் புரியவைக்க நான் முப்பது ஆண்டுகளாக முயல்கிறேன்.

கடைசியாகக் குழல். ஈரத்துணி ஓட்டிச் சுத்தம் செய்துவிட்டு, விளக்குவைத்து உள்ளே பாருங்கள். புரிகள் பளிச்சென்று தெரிகின்றனவா, இல்லை மிளகு தூவியது போல் கறுப்புப் புள்ளிகளா? 1950-களில் மலிவாகக் கிடைத்த பழைய இராணுவத் தோட்டாக்களின் பிரைமரில் உப்பு இருந்தது. சுட்டுவிட்டு அன்றே கழுவாமல் வைத்தவர்களின் குழல்கள் இன்று அரித்துப்போய்க் கிடக்கின்றன. வெளியே அழகாக இருக்கும், உள்ளே சொத்தைப்பல்.

கருவேலம் — செப்டம்பர் 7, இரவு 8.50

எல்லோரும் அந்தக் கடைக்காரரைத் திருடன் போல் பார்க்கிறீர்கள். டெக்ஸாஸில் நான் வார இறுதிகளில் ஒரு துப்பாக்கிக் கடையில் நின்றவன், எனக்கு வலிக்கிறது. 500-க்கு வாங்கியதை அவர் 750 என்று வைப்பார், 700-க்குக் கொடுப்பார். அது எப்போது விற்கும் என்று அவருக்கே தெரியாது. அதுவரை அவருடைய 500 சுவரில் தொங்கும். வாடகை, அட்டைக் கட்டணம், கூட்டாட்சிப் பதிவேடு எழுதும் வேலை, நாளை வந்து "குழல் சரியில்லை" என்று சண்டைபோடும் ஆள், எல்லாம் அவர் பாடு. அந்த அம்மாவுக்கோ நூறு டாலர் ஐந்து தாள், பத்து நிமிடம், வீட்டுக்கு எந்த அந்நியனும் வரமாட்டான். தனியாக வாழும் 78 வயதுப் பெண்மணிக்கு அதற்கும் ஒரு விலை உண்டு.

நடுவழியும் இருக்கிறது. கடையிலேயே வைத்து விற்றுத் தரச் சொல்லலாம். தரகு பொதுவாக 15 முதல் 20 சதவீதம்.

அப்புறம் அந்த ஸ்கோப். வீவர் கே4, எல் பாசோவில் செய்தது, எஃகுக் குழாய், பாறையில் போட்டாலும் உடையாது. ஆனால் விலையில் அதை முழுதாகக் கூட்டவேண்டாம். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கழற்றிவிட்டுப் புதியது போடுவார்கள். 50, 60 டாலருக்கு மேல் அதற்காக யாரும் தரமாட்டார்கள். தோட்டாவையும் தோல்வாரையும் பேரத்தின் கடைசியில் தூக்கிப் போடுவதற்காக வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சிகன் முத்து — செப்டம்பர் 7, இரவு 9.30

சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். என் கதையைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பீர்கள், பரவாயில்லை.

என்னிடம் ஒரு ரெமிங்டன் 700 ரைஃபிள் இருந்தது. ஸ்கோப்புக்கு 400 கொடுத்தேன், விசைக்கு 150 கொடுத்தேன், கட்டைக்குச் சாயம் பூசினேன். எல்லாவற்றையும் கூட்டி 1,100 என்று போட்டேன். பதினான்கு மாதம் அப்படியே இருந்தது. நடுவில் ஒருவர் 650 கேட்டார், அவமானம் என்று பதில்கூடப் போடவில்லை. கடைசியில் 520-க்குக் கொடுத்தேன். நான் செலவழித்த பணம் வாங்குகிறவருக்கு எதற்கு? அவர் பக்கத்தில் பார்க்கிறார்: ரூகர் அமெரிக்கன் என்ற ரைஃபிள் புதியதே 500 பக்கத்தில் கிடைக்கிறது, துல்லியமாகச் சுடுகிறது, உத்தரவாதமும் உண்டு. சாதாரணப் பழைய ரைஃபிள்களின் விலையை அந்த மலிவுப் புதியவைதான் அமுக்கிவைத்திருக்கின்றன.

நீலமலைக்காரன் — செப்டம்பர் 8, காலை 4.05

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் இழையைப் படிக்கப் பொறாமையாக இருக்கிறது. என் தாத்தாவின் .375 மேக்னம் ஒன்று இன்னும் வணிகரின் காப்பில் கிடக்கிறது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதற்கு வேலை இல்லை. 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி ஓர் ஆளுக்கு மூன்று என்றிருந்ததை இரண்டாக்கினார்கள், பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில்தான். உரிமம் உள்ளவருக்குத்தான் விற்கமுடியும். அப்படி ஓர் ஆள் அகப்பட்டால் அவர் சொல்வதுதான் விலை. நீங்கள் இடது பக்கத் துளையைப் பற்றிப் பேசுகிறீர்கள், இங்கே துப்பாக்கியை எடுத்துப் பார்க்கக்கூட ஒருவரும் வருவதில்லை.

நெறியாளர் — செப்டம்பர் 8, காலை 7.00

நீலமலைக்காரருக்கு: இது தனி இழைக்கு உரிய பேச்சு, திறந்தால் நானும் வருவேன். எல்லோருக்கும்: இங்கே விலை பேசலாம், விற்பனை கூடாது. தனிமடலில் "எனக்குத் தருவீர்களா" என்று பாறைக்காடு அவர்களைக் கேட்ட இருவர் யார் என்று எனக்குத் தெரியும்.

பாறைக்காடு — செப்டம்பர் 9, இரவு 8.22

அளந்தேன். ரப்பரோடு சேர்த்தே 12⅝ அங்குலம்தான். குழல் உள்ளே பளிச்சென்று இருக்கிறது, புள்ளி இல்லை. எழுத்துகளின் ஓரம் நகத்தில் தட்டுப்படுகிறது. மூன்றாவது துளை இல்லை.

ஏன் இவ்வளவு குட்டை என்று அம்மாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். அறுத்தது அவருக்காகவாம். 1974-இல் கணவர் தனக்கு வேறு துப்பாக்கி வாங்கிக்கொண்டு, இதை அறுத்து மனைவிக்குக் கொடுத்திருக்கிறார். இருபது பருவம் இதில்தான் மான் சுட்டேன் என்கிறார். நான் இத்தனை நாளும் "உங்கள் கணவரின் துப்பாக்கி" என்றே பேசிக்கொண்டிருந்தேன், ஒருமுறைகூட அவர் திருத்தவில்லை. மருமகன் ஆறடி இரண்டங்குலம். இதைத் தோளில் வைத்தால் ஸ்கோப் அவர் புருவத்தைக் கிழித்துவிடும்.

இப்போது விலை ஏறுமா, இறங்குமா?

மிச்சிகன் முத்து — செப்டம்பர் 9, இரவு 8.40

அசல் கட்டை ஒன்றைத் தேடி வாங்கிப் பொருத்திவிடுங்கள். பழைய விலை திரும்பி வந்துவிடும்.

பழைய இரும்பு — செப்டம்பர் 9, இரவு 9.02

வேண்டாம். நல்ல நிலையில் உள்ள அந்தக் காலத்துக் கட்டைக்குச் சில நூறு டாலர் போகும். மாற்றிய பிறகு கட்டை மாற்றியது என்று சொல்லித்தானே விற்கவேண்டும்? சொல்லாமல் விற்பதற்கு அந்த அம்மா உங்களைக் கூப்பிடவில்லை. செலவு முழுதாகத் திரும்பாது, வேலை மட்டும் மிஞ்சும்.

சேகரிப்பவர் இதைத் தொடமாட்டார். அந்தக் கதவு 1974-இல் இரம்பத்தோடு மூடிவிட்டது. இனி இது சுடுகிறவரின் துப்பாக்கி. அந்தக் கணக்கில் பார்த்தால் மோசமில்லை.

வைகறை — செப்டம்பர் 9, இரவு 9.37

நான் ஐந்தடி ஓரங்குலம். கடையில் எந்த ரைஃபிளை எடுத்தாலும் கழுத்தை நீட்டிக்கொண்டுதான் ஸ்கோப்புக்குள் பார்க்கவேண்டும். குட்டையான கட்டை என்று கேட்டால் சிறுவர்களுக்கான மலிவு மாடலைக் காட்டுவார்கள். நல்ல எஃகும் நல்ல வால்நட் மரமும் 12⅝ அங்குலத்தில் கிடைக்கிறது என்றால் நான் வண்டியெடுத்து இரண்டு மணி நேரம் போவேன். ஆகவே "அறுத்த கட்டை" என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் எழுதாதீர்கள். "விசையிலிருந்து ரப்பர்வரை 12⅝" என்று முதல் வரியிலேயே அளவைப் போடுங்கள். நெட்டையானவர் வீணாக வரமாட்டார், குட்டையானவர் தேடி வருவார்.

கருவேலம் — செப்டம்பர் 9, இரவு 9.55

ஒத்துக்கொள்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. குட்டையானவர் தேடி வருவார். ஆனால் அவர் எண்ணிக்கையில் குறைவு. கூட்டம் குறைந்த பொருளுக்கு நாள் அதிகம் வேண்டும். அந்த அம்மாவின் இருபது பருவக் கதை அழகானதுதான், அதை விளம்பரத்தில் எழுதவேண்டாம். கதைக்குப் பணம் தரும் ஆள் வந்தால் நேரில் அவரே சொல்லட்டும்.

பழைய இரும்பு — செப்டம்பர் 10, காலை 8.10

இனித் தொகைக்கு வருவோம். நேற்றிரவு கன்புரோக்கர் என்ற இணைய ஏலத்தளத்தில் முடிந்த ஏலங்களைப் பார்த்தேன். கணக்கு வைத்து உள்ளே போனால் யாரும் பார்க்கலாம். ஒருவரும் கேட்காமல் முடிந்தவற்றைத் தள்ளினேன், ஏனென்றால் அவை விற்றவனின் கனவு. .270, அரிய குறுக்களவுகள், சூப்பர் கிரேடு என்னும் உயர்ரகம் ஆகியவற்றையும் தள்ளினேன். மிஞ்சியவை, ரப்பர் வைத்த எளிய .30-06, நல்ல குழல். பெரும்பாலும் 700-க்கும் 900-க்கும் இடையில் படிந்திருக்கின்றன. கட்டையைத் தொடாதவை ஆயிரத்தைத் தாண்டிப் போகின்றன.

அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இணையத்தில் வாங்குகிறவர் அனுப்பும் செலவு, அவர் ஊர்க் கடையின் கைமாற்றுக் கட்டணம் என்று இன்னும் எழுபது எண்பது சேர்த்துக் கொடுக்கிறார். உள்ளூர்க்காரருக்கு அது மிச்சம். அதைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வது நியாயம். உள்ளூர்க்காரருக்கும் ஒரு வசதி உண்டு, கையில் எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்து வாங்கலாம்.

நானாக இருந்தால் 875 கேட்பேன். மனத்துக்குள் 750-ஐ அடிக்கோடாக வைப்பேன். 875-க்கு மூன்று வாரம் யாரும் பேசவில்லை என்றால் 825. "கறார் விலை" என்று எழுதவேண்டாம், அது சண்டைக்காரரைத்தான் கூட்டிவரும். உங்கள் மாநிலத்தில் 2019 முதல் ரைஃபிள் மான் பருவம் நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. அக்டோபரில் எல்லோருக்கும் துப்பாக்கி வேண்டும், டிசம்பர் பாதியில் எவருக்கும் வேண்டாம். இப்போதே போடுங்கள்.

குறைகளை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வாங்குகிறவர் தானாகக் கண்டுபிடிக்கும் குறைக்கு ஐம்பது டாலர் குறைப்பார். நீங்கள் சொன்ன குறைக்குப் பெரும்பாலும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

பாறைக்காடு — செப்டம்பர் 10, மாலை 6.00

மிக்க நன்றி ஐயா. ஒன்றுமட்டும் நெருடுகிறது. மருமகனை என்ன செய்வது? குடும்பம். 875 என்று சொன்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்.

கருவேலம் — செப்டம்பர் 10, மாலை 6.31

அவரிடம் விலை சொல்லவே வேண்டாம். ஒருமுறை தோளில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாறைக்காடு — அக்டோபர் 12, இரவு 9.45

முடிவைச் சொல்லாமல் போனால் தவறு.

மருமகன் வந்தார், தோளில் வைத்தார், ஸ்கோப் நெற்றியில் முட்டியது, சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். 300-ஐப் பற்றி அதன்பின் பேச்சே இல்லை.

875 என்று, வைகறை சொன்னபடி அளவை முதல் வரியில் வைத்து, கடையின் அறிவிப்புப் பலகையிலும் உள்ளூர்ப் பட்டியலிலும் அம்மாவின் பெயரில் போட்டோம். முதல் வாரம் இரண்டு பேர், இருவரும் 600 கேட்டார்கள். மூன்றாவது வாரம் 825 ஆக்கினோம். போன சனிக்கிழமை பக்கத்துக் கவுன்ட்டியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மனைவிக்குத்தான் துப்பாக்கி. கடையில் வைத்தே பார்த்தார்கள். அந்தப் பெண் எடுத்துத் தோளில் வைத்ததும் பேரம் முடிந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் கணவர் கடமைக்கு 780 என்றார்.

அப்போதுதான் அம்மா ஒரு குண்டைப் போட்டார். ஸ்கோப் விற்பனைக்கு இல்லையாம்! சமையலறை ஜன்னலுக்கு வெளியே பறவைகளுக்குத் தீனித்தட்டு வைத்திருக்கிறார், அதைப் பார்க்க வேண்டுமாம். கடைக்காரரே கழற்றிக் கொடுத்தார். ஸ்கோப் இல்லாமல் 740-க்குப் படிந்தது. தோட்டா இரண்டு பெட்டியும் தோல்வாரும் சேர்த்து. கைமாற்றுக் கட்டணம் 30-ஐ அவர்கள் கொடுத்தார்கள். அடிக்கோட்டுக்குப் பத்து டாலர் கீழே போய்விட்டதே என்று நான் முணுமுணுத்தேன். "ஸ்கோப்புக்கு எவ்வளவு என்று நீதானே சொன்னாய்? கூட்டிப் பார்" என்றார். கூட்டினால் அவர்தான் இலாபத்தில் இருக்கிறார்.

இப்போது அந்த கே4 சாப்பாட்டு மேசையில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில்.

பழைய இரும்பு — அக்டோபர் 12, இரவு 10.08

நல்ல விலை. ஸ்கோப்பைக் கழற்றும்போது ரிசீவர் மேலிருந்த, ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தளங்களையும் எடுத்துவிட்டார்களா? எடுத்திருந்தால் அந்தத் துளைகளில் அடைப்புத் திருகு போடவேண்டும். வெறுமையாக விட்டு மழையில் கொண்டுபோனால் துரு பிடிக்கும். அந்தப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

பாறைக்காடு — அக்டோபர் 12, இரவு 10.15

அடித்தளங்கள் துப்பாக்கியிலேயே இருக்கின்றன ஐயா. வளையங்கள் மட்டும் ஸ்கோப்போடு வந்துவிட்டன. அதனால்தான் மேசையில் உருளாமல் நிற்கிறது.